துரைச்சி லாரியும் ஏழு மிதியும்

3 பிப்ரவரி 1941, அகோர்தாத்

இந்த நோட்டுப் புத்தகம் இத்தாலிக்காரனுடையது. அவன் விட்டுவிட்டு ஓடிய லாரியின் இருக்கைக்கு அடியில் கிடந்தது. முதல் நாலு பக்கத்தில் அவன் பாஷையில் என்னவோ கிறுக்கியிருந்தான். அதைக் கிழித்து டீ போட அடுப்புப் பற்றவைத்தாயிற்று. மீதியெல்லாம் வெள்ளைத் தாள். இனி இதில் வீரணன் எழுதுவான். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். நான் ஊர் திரும்பியதும் தபால்காரர் இதை அழகம்மாள் அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கும் காதில் விழுகிற மாதிரி வாசித்தால் நல்லது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இது எரித்திரியா என்கிற தேசம். இத்தாலிக்காரன் ஆண்டது. பம்பாயில் கப்பல் ஏறி, சூடானில் இறங்கி, மணலையும் முள்ளையும் தின்றுகொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். முந்தாநாள் அவனை இந்த ஊரிலிருந்து விரட்டியடித்தோம். விரட்டியது காலாட்படை. நான் தண்ணீர் லாரியோடு ஏழு மைல் பின்னால் இருந்தேன். ஆனால் தண்ணீர் இல்லாமல் எவன் சண்டை போடுவான்? ஆகவே விரட்டியதில் பாதி என் கணக்கு.

அவன் போட்டுவிட்டுப் போன வண்டிகள் மைதானம் முழுக்க மாட்டுச்சந்தை மாதிரி நிற்கின்றன. அபிசீனியாவைப் பிடிக்க ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கியவையாம். ஒரு டாங்கி பார்த்தேன், என் நெஞ்சு உயரம்தான். இரண்டு ஆள் மடங்கி உட்கார்ந்தால் மூடி தலையில் இடிக்கிறது. எங்கள் ஊரில் இதற்குள் கோழியை அடைத்தால் கோழி கோபித்துக்கொள்ளும். இன்னொன்று பீரங்கி இழுக்கிற டிராக்டர். ஆளுயரச் சக்கரம் நான்கு. திரும்பும்போது இடுப்பில் ஒடிந்து வளைகிறது. ஆறு சக்கர லாரி ஒன்றில் ஸ்டெப்னியை வயிற்றுக்குப் பக்கத்தில் தாழ்வாகத் தொங்கவிட்டிருக்கிறான். மேட்டில் ஏறும்போது வயிறு தட்டாமல் அந்த ஸ்டெப்னியும் உருண்டு கைகொடுக்குமாம். மூளைக்காரன். ஏன் தோற்றான் என்று தெரியவில்லை. நான் எதிர்ப்பக்கம் இருந்ததாலோ என்னவோ.

எங்கள் லாரிகளில் பாதிக்கு ஸ்பிரிங் ஒடிந்துவிட்டது. அதனால் இவன் வண்டிகளை ஓட்டச்சொல்லி உத்தரவு. எங்கள் அதிகாரி ஜமேதார் அருளப்பன் எங்களை வரிசையில் நிறுத்தி, “இத்தாலி வண்டி பழக்கம் உள்ளவன் எவனாவது இருக்கானா?” என்று கேட்டார். கை தானாக எழுந்தது. கொடைக்கானலில் ஒரு சாமியார் மடத்துக்கு இத்தாலி லாரி ஓட்டியதாகச் சொன்னேன். எந்த மடம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் கட்டியிருப்பேன்.

வத்தலக்குண்டு கொடைக்கானல் மலைப்பாதை பஸ்ஸில் பதினோரு வருஷம் இருந்தேன் என்பது சத்தியம். இருந்தேன் என்றால் ஓட்டினேன் என்று எடுத்துக்கொள்வது கேட்கிறவர் பாடு. பட்டாளத்தில் சேர்ந்ததும் ஆறு வாரம் பொட்டல் மைதானத்தில் லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குக் கற்க ஒன்றும் இல்லை. மரியாதைக்காக உட்கார்ந்திருந்தேன்.

அக்கா மகன் தவசியும் இந்தச் சீமையில்தான் இருக்கிறான். பாதை வெட்டி, பாறை உடைத்து, கண்ணிவெடி தோண்டுகிற சாப்பர் கம்பெனியில். இருபது வயசு. நான் லீவில் போய் பட்டாளக் கதை சொன்னதைக் கேட்டுத்தான் பையன் சேர்ந்தான் என்று ஊரே சொல்லுகிறது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் அக்கா அழவில்லை. “ரெண்டு பேரும் வரணும்” என்று மட்டும் சொன்னாள். அவனைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்று நான்தான் அவள் கையில் அடித்துச் சொன்னேன்.

5 பிப்ரவரி

எனக்குக் கிடைத்தது லான்சியா லாரி. ஆறரை டன் தூக்குமாம். நான் எட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டீயரிங் நம் ஊர் மாதிரி வலதுபக்கம். டயர் காற்று டயர் இல்லை, கெட்டி ரப்பர். மூக்கு நீளம், நடை நிமிர்ந்த நடை, யாரையும் மதிக்காத முகம். துரைச்சி என்று பேர் வைத்துவிட்டேன்.

துரைச்சிக்கு பேட்டரியில் கிளம்புகிற பழக்கமில்லை. முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். அதுவும் இன்ஜினை இல்லை. உள்ளே ஒரு கனத்த சக்கரம் இருக்கிறது, அதைச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற அது ஊளையிட ஆரம்பிக்கும். ஊளை உச்சத்துக்கு வந்ததும் பக்கத்துக் கம்பியை இழுத்தால், அந்தச் சக்கரம் தன் வேகத்தை இன்ஜினுக்குக் கொடுத்து எழுப்பிவிடும். இதைச் சொல்லிக்கொடுத்தது எட்டோரே என்கிற கைதி மெக்கானிக். தாடிக்காரன், அமைதியான ஆள். நான் முதலிலேயே இன்ஜினைச் சுற்றப் பார்த்தேன். கைப்பிடி திருப்பி அடித்து உட்காரவைத்தது. எட்டோரே சிரிக்காமல் என்னைத் தூக்கிவிட்டான். கைதியைச் சோதிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று ஜமேதாரிடம் சொன்னேன்.

இன்னொரு விஷயமும் எட்டோரே காட்டினான். பிரேக்குக்குக் காற்றுத் தொட்டி. இன்ஜின் ஓடினால்தான் தொட்டி நிரம்பும். இன்ஜின் நின்றுவிட்டால் தொட்டியில் மிச்சமிருக்கும் காற்று ஏழு மிதிக்குக் காணும். ஏழு விரலைக் காட்டினான். எட்டாவது விரலை நீட்டி, கையை மலைச்சரிவு மாதிரி கீழே இறக்கி, நாக்கைத் தொங்கப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பாஷை தெரியாவிட்டாலும் விளங்கியது.

6 பிப்ரவரி

காலையில் துரைச்சி கிளம்பவில்லை. மாலையிலும்.

9 பிப்ரவரி

எனக்குத் துணை டிரைவராக மலையப்பன் என்று ஒருவனைப் போட்டிருக்கிறார்கள். சேலத்துக்காரன். ஏற்காட்டு மலையில் காப்பி லாரி ஓட்டியவன். பேச்சு குறைவு. இப்படிப்பட்டவர்களோடு எனக்கு ஒத்துவராது. நாம் சொல்லுகிறதை நம்புகிறானா இல்லையா என்றே தெரியாது.

இங்கே சும்மா இருக்க முடியவில்லை. கெரென் என்ற ஊரின் முன்னால் மலைகளின்மேல் இத்தாலிக்காரன் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறான். மலைக்குக் கீழே நாங்கள். நடுவில் ஒரே ஒரு கணவாய். பகலெல்லாம் குண்டு விழுகிற சத்தம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது? இன்றைக்குத் துரைச்சியை மூன்று தரம் துடைத்தேன். அப்புறம் ரயில் தண்டவாளத்துக் கட்டை ஒன்று கிடந்தது. ஒரு முழம் அறுத்து, ஒரு பக்கம் சரித்துச் செதுக்கி, பின்னால் துளை போட்டுக் கயிறு கோத்தேன். சக்கரத்துக்கு அணை கொடுக்கிற கட்டை. மேட்டில் வண்டி நின்றால் கிளீனர் குதித்து ஓடி டயருக்கு அடியில் போடுவானே, அது. கயிறு எதற்கென்றால், வண்டி மறுபடி அசையும்போது கையை உள்ளே விடாமல் கட்டையை உருவ.

மலையப்பன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். “சரிவு ரொம்பக் கணக்கா இருக்குதுங்ளே அண்ணே” என்றான். “டிரைவருங்களுக்கு இப்படிச் செதுக்க வராது.”

பொழுதுபோகாமல் செய்தது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன்.

14 பிப்ரவரி

தவசி வந்தான். அவன் கம்பெனி இப்போது கணவாய்க்கு இடதுபக்க மலையில் பாதை வெட்டிக்கொண்டிருக்கிறது. மேலே காயம்பட்டவர்களுக்கு ஒரு கட்டுப்போடும் குகை, அதுவரைக்கும் லாரி போக வேண்டுமாம். பையன் மெலிந்து கறுத்துவிட்டான். உள்ளங்கை இரண்டும் கடப்பாரை பிடித்துக் காய்த்துக் கிடக்கிறது. என்னோடு பேரீச்சம்பழமும் டீயும் சாப்பிட்டான். மண்ணில் குச்சியால் பாதையை வரைந்து காட்டினான். பதினோரு வளைவு. ஆறாவது வளைவிலிருந்து ஒன்பதாவது வளைவு வரைக்கும்தான் கெடுதல். எதிர்மலையில் இத்தாலிக்காரன் பீரங்கி இருக்கிறது, லாரிச் சத்தம் கேட்டால் அந்த வளைவுகளை மனப்பாடமாக அடிக்கிறான்.

“மாமா, நீ அந்தப் பாதைப் பக்கம் வராத” என்றான். “தண்ணி லாரியோட கீழயே இரு.”

யாரைப் பார்த்து என்ன சொல்லுகிறாய் என்று சத்தம் போட்டேன். கொடைக்கானல் பாதையில் பனியில் கண்ணை மூடிக்கொண்டு நான் பஸ் இறக்கியது, ஒரு தரம் யானை நடுரோட்டில் நிற்க அதன் கால் இடுக்கில் புகுந்து வந்தது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முன்பெல்லாம் கண்ணை அகட்டிக் கேட்பான். போகும்போது அணைக்கட்டையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். திரும்ப இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

27 பிப்ரவரி

தண்ணீர், ரேஷன், தண்ணீர். கெட்டி ரப்பர் டயரில் போனால் சாயங்காலம் பல்லெல்லாம் இடம் மாறிவிட்டதோ என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கறுத்த முகத்து ராணுவ போலீஸ் ஒருவன் துரைச்சியின் சத்தம் கேட்டு இத்தாலிக்காரன் வருகிறான் என்று துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். நான் இறங்கி அவனுக்குத் தமிழில் புத்தி சொன்னேன். அவன் பஞ்சாபி. இருந்தாலும் புரிந்துகொண்டு சல்யூட் அடித்தான். மலையப்பன் இதை வேறு மாதிரி சொல்லுவான். அவனைக் கேட்க வேண்டாம்.

8 மார்ச்

தவசியிடமிருந்து செய்தியில்லை. அந்தப் பக்கம் போய்வருகிற லாரிக்காரர்களையெல்லாம் விசாரிக்கிறேன். ஒருவன் பார்த்ததாகச் சொன்னான், ஒருவன் இல்லை என்றான். பார்த்ததாகச் சொன்னவனுக்கு என் சிகரெட் பாக்கெட்டைக் கொடுத்தேன். அதற்கப்புறம் எல்லாரும் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

15 மார்ச்

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துவிட்டது. இத்தனை பீரங்கி ஒரே சமயத்தில் நான் கேட்டதில்லை. டீத்தம்ளர் தட்டில் தானாக நகர்ந்து விளிம்புக்குப் போகிறது. சாப்பர்கள் காலாட்படைக்கு முன்னாலேயே போயிருக்கிறார்களாம், பாதையை அடைத்துக்கிடக்கிற பாறையை உடைக்க.

16 மார்ச்

துரைச்சியைத் துடைத்தேன். ஆறு தரம்.

17 மார்ச்

செய்தி இல்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை, ரேஷன் ஆடு கிழம்.

20 மார்ச்

நேற்றும் முந்தாநாளும் எழுத நேரமில்லை. இன்று எழுத்து கோணலாக இருப்பதற்குப் பேனாதான் காரணம். இத்தாலிப் பேனா.

பதினெட்டாம் தேதி காலையில் ஜமேதார் அருளப்பன் நேராக என்னிடம் வந்தார். அந்தப் பதினோரு வளைவுப் பாதையின் உச்சியில், கட்டுப்போடும் குகையில் பதினோரு பேர் கிடக்கிறார்கள். இரண்டு நாளாக இறக்க முடியவில்லை. இறக்கப்போன இரண்டு லாரிகள் ஏழாவது வளைவிலேயே முடிந்துபோயின. பகலில் கண்ணுக்குத் தெரியும், அடிக்கிறான். இருட்டில் அந்தப் பாதையில் விளக்கில்லாமல் இறங்க முடியாது. நடுவில் இருப்பது பொழுது சாய்கிற அரைமணி நேரம். மலைநிழல் பாதையில் விழுந்துவிடும், அவனுக்குக் கண் தெரியாது. ஆனால் காது கேட்கும்.

“அந்தப் பதினோரு பேர்ல ஒம் மருமகனும் ஒருத்தன்யா” என்றார். “கால்ல. இன்னைக்கி எறக்கலேன்னா டாக்டர் பொறுப்பில்லங்கிறார்.”

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. வீரமாகத்தான் சொல்லியிருப்பேன். இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கலாம் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் பஸ்ஸில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க அப்படித்தான் செய்வார்கள். பண்ணைக்காடு தாண்டினதும் இன்ஜினை நிறுத்தி நியூட்ரலில் விட்டால் வண்டி பூனை மாதிரி கீழே ஊத்து என்கிற ஊர் வரைக்கும் இறங்கிவிடும். முதலாளி சட்டப்படி கூடாது என்பார். செய்யாதவனை வேலையில் வைக்கவும் மாட்டார். ஜமேதார் என்னை ஏற இறங்கப் பார்த்து, சரி என்றார்.

மத்தியானம் எங்கள் பீரங்கிகள் எதிர்மலையை அடித்த அடியில் புகை அவன் கண்ணை மறைக்க, துரைச்சியின் சத்தமும் அமுங்கிப்போக, நானும் மலையப்பனும் மேலே ஏறிவிட்டோம். ஓட்டியது மலையப்பன். நான் வழிகாட்டினேன்.

தவசியின் முகம் சாம்பல் பூத்திருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே கட்டுக்கட்டாகத் துணி. என்னைப் பார்த்ததும், “வராதன்னு சொன்னேன்ல” என்றான். தம்ளரில் தண்ணீர் வைத்தால் தளும்பாமல் இறக்குகிறேன் பார் என்றேன். பதினோரு பேரையும் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்தோம். தவசியைக் கடைசியாக ஏற்றியதால் அவன் தலை பின்பலகைப் பக்கம் இருந்தது. மற்றவர்களில் முனகாதவன் இல்லை. ஒருவன், மராட்டிக்காரன், வாயில் துண்டைக் கடித்துக்கொண்டான்.

பொழுது இறங்குகிறவரை இன்ஜினை ஓடவிட்டுக் காற்றுத் தொட்டியை நிரப்பினோம். எங்கள் பீரங்கி ஓய்கிற சமயம் பார்த்து நிறுத்தினேன். காதில் அப்படி ஓர் அமைதி. எதிர்மலையில் எவனோ இருமுவது கேட்டது என்று சொன்னால் மிகை இல்லை. கொஞ்சம்தான் மிகை.

டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தேன். முன்கண்ணாடியைத் துண்டால் ஒரு தரம் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன். இத்தாலிக் கண்ணாடியில் தூசி சீக்கிரம் படியும். எதிரே முதல் வளைவு. அதற்கப்புறம் வானம்தான். பதினோரு வளைவு, ஏழு மிதி. கைப்பிரேக் நிற்கிற வண்டியைப் பிடிக்கும், ஓடுகிற வண்டியைப் பிடிக்காது. என் கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது. பிடித்த கையை எடுக்கவும் வரவில்லை, திருப்பவும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பின்னால் தவசி ஒரு தரம் இருமினான்.

இறங்கிவிட்டேன்.

“மலையப்பா, நீ ஏறு. கடைசி வளைவுகளுக்கு மிதியை மிச்சம் வை. நான் பின்சக்கரத்துல நிக்கிறேன்.”

அவன் என் முகத்தைப் பார்த்தான், என் தோளில் இருந்த கட்டையைப் பார்த்தான். சிரிக்கவில்லை. “தட்டு எப்படிங்கண்ணே?” என்று கேட்டான்.

“ஒண்ணுன்னா நில்லு. ரெண்டுன்னா போ.”

“எங்க லைன்லயும் அதுதானுங்க” என்று ஏறி உட்கார்ந்தான்.

வேலைக்காரனுக்கு அனுபவம் வர வேண்டும் என்றுதான் அவனை ஓட்டவிட்டேன் என்பதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன். தளபதி என்கிறவன் பின்னால் இருந்துதான் நடத்துவான்.

முறை இது. வண்டி நடைவேகத்தில் உருளும். நான் மலைப்பக்கத்துப் பின்சக்கரத்தோடு கூடவே ஓடுவேன். வேகம் பிடிக்கிற மாதிரி தெரிந்தால் பாடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. குனிந்து கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் விடுவேன். டயர் கட்டைமேல் ஏறி, யோசித்து, நிற்கும். மலையப்பன் கைப்பிரேக்கைப் போடுவான். மூச்சு வாங்கிக்கொள்வேன். இரண்டு தட்டு. கைப்பிரேக் விடும், வண்டி அசைகிற அந்த நொடியில் கயிற்றை இழுத்துக் கட்டையை உருவிக்கொண்டு மறுபடி ஓட்டம். இப்படி ஐந்து வளைவு. மிதி இரண்டுதான் செலவு. நாற்பத்திரண்டு வயசில் எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. என் பின்னால் வாங்கியது வேறு யாரோ.

ஏழாவது வளைவில் கருகிக் கிடந்த லாரிகளில் முதலாவதைப் பார்த்தோம். எட்டாவது வளைவு சரிவு அதிகம். மலையப்பன் மூன்று மிதி மிதிக்க வேண்டியிருந்தது. வண்டி நின்ற இடத்தில் கெட்டி ரப்பர் ஒரு கல்லை நசுக்கிய சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது. எதிர்மலையில் ஒரு பீரங்கி வாய் திறந்தது. குண்டு எங்களுக்கு மேலே, ஏழாவது வளைவில் விழுந்தது. அவனுக்கு மனப்பாடம் ஏழாவதுதான். மண்ணும் கல்லும் லாரிக்குள் கொட்டின. உள்ளே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பதினோரு பேரும் அப்படி வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் எந்தக் கதையிலும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதாவது வளைவில் கட்டை கொஞ்சம் வழுக்கியது. சரிசெய்தேன். அதைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

பத்து, பதினொன்று. கடைசியில் காய்ந்த ஆற்றுமணல். துரைச்சி மணலில் இறங்கி மூன்று கெஜம் போய் தானாகவே நின்றாள். மலையப்பன் இறங்கி வந்து, “இன்னும் ஒரு மிதி பாக்கி இருக்குதுங்ண்ணே” என்றான். அதைச் சொல்லிவிட்டு டயர் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். அப்புறம்தான் என் கையைப் பார்த்தான். தன் தலைத்துண்டைக் கிழித்துச் சுற்றிவிட்டான்.

21 மார்ச்

ஜமேதார் என்னை ஒரு வாரத்துக்கு லாரி ஓட்டக்கூடாது என்றிருக்கிறார். வேறொன்றுமில்லை, ஓய்வு கொடுக்கிறார்.

23 மார்ச்

அகோர்தாத் ஆஸ்பத்திரிக் கூடாரம். தவசியின் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆரஞ்சுப் பழம் இரண்டு வாங்கிப்போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்ததும், கையைக் காட்டச் சொன்னான். காட்டினேன்.

“ரெண்டு வெரலு போச்சு ஒனக்கு” என்றான். “எனக்கு ஒரு பாதம். ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு ஆகலாம் மாமா.”

நான் ஆரஞ்சை ஒரு கையால் உரிக்கப் பார்த்தேன். அவன் வாங்கி உரித்து எனக்கும் ஒரு சுளை கொடுத்தான். அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் வாய் சும்மா இருக்காதே. பின்னால் ஓடியது ஒரு யுத்த தந்திரம் என்றும், பெரிய டிரைவர்கள் மட்டுமே அப்படிச் செய்வார்கள் என்றும் ஆரம்பித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“மாமா” என்றான். “எனக்கு எட்டு வயசு இருக்கும். அம்மாகூட வத்தலக்குண்டு ஸ்டாண்டுக்கு வந்தேன். நீ பஸ்ஸுக்குப் பின்னால கட்டையத் தூக்கிட்டு ஓடிவந்த. டிரைவர் ஒன்னைய டேய்னு கூப்பிட்டான். அம்மா என்னையத் தூணுக்குப் பின்னால இழுத்துக்கிருச்சு, நீ பாத்துறக் கூடாதுன்னு.”

சுளையில் இருந்த கொட்டையை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தேன்.

“அப்ப என் கதையை நம்பியாடா பட்டாளத்துல சேந்த?”

“கதையை எவன் நம்புனான்?” அவன் சிரிக்கப் பார்த்தான், வலி விடவில்லை. “நீ கப்பல் ஏறப்போறேன்னு அம்மாவுக்குக் கடுதாசி வந்துச்சு. எங்க போனாலும் முடியும்னு கையத் தூக்கிருவான், எவனாச்சும் ஒருத்தன் கூட இருக்கணும்னு அம்மாதான் சொல்லுச்சு. நான் சேந்தேன். அம்மையநாயக்கனூர்ல வச்சு என் காதுல, ஒம் மாமனப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துருன்னு சொல்லி அனுப்புச்சு.”

கூடாரத்துக்கு வெளியே வந்தேன். அங்கே நிறைய ஆம்புலன்ஸ்கள் நின்றன. எல்லாம் அழுக்காக இருந்தன. ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தேன். அதன் டிரைவர் வந்து என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

வலிக்குப் போடுகிற ஊசி பிள்ளைகளை என்னவெல்லாமோ பேசவைக்கும் என்று டாக்டரே சொன்னார். சொல்லியிருப்பார்.

28 மார்ச்

கெரென் விழுந்துவிட்டது. நேற்று காலையில் அவன் வெள்ளைக்கொடி காட்டினான். இன்று கணவாய் வழியாக லாரிகள் மேலே போகின்றன. துரைச்சியும் போகிறாள், மலையப்பன் கையில். வழியெல்லாம் அந்த நெஞ்சு உயரத்து டாங்கிகள் கவிழ்ந்து கிடக்கின்றனவாம். எட்டோரே ஒர்க்ஷாப் வாசலில் நின்று துரைச்சி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனிடம் ஆறு விரலைக் காட்டினேன். அவனுக்குப் புரிந்து, தாடியைத் தடவி, தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

ஜமேதார் ஒரு தாளோடு வந்தார். பதினெட்டாம் தேதி விஷயத்தை மேலே எழுதி அனுப்ப வேண்டுமாம். டிரைவர் என்று மலையப்பன் பெயரைப் போட்டாயிற்று, உன்னை என்னவென்று போட என்று கேட்டார். மலையப்பன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். கட்டியிருந்ததையே கட்டினான்.

“கிளீனர், சாப்” என்றேன்.

ஜமேதார் பேனாவை எடுத்துக்கொண்டே, “பட்டாளத்துல அப்படி ஒரு உத்தியோகமே கெடையாதேய்யா” என்றார்.

“இருக்கணும் சாப்.”

அவர் எதையோ எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை.

தவசியை அடுத்த வாரம் கப்பலில் ஊருக்கு அனுப்புகிறார்கள். கை இந்த நிலையில் எனக்கும் இங்கே வேலையில்லை என்று, அவனோடு துணைக்குப் போகச் சொல்லி உத்தரவு. கட்டையை எடுத்துவரலாமா என்று தவசி கேட்டான். ஊன்றி நடக்கப் பழக உதவும் என்கிறான். ஒரு முழக் கட்டையை எப்படி ஊன்றுவான்? இருந்தாலும் அவன் மூட்டையில் வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு முன்கூட்டி ஒரு கடுதாசி எழுத உட்கார்ந்தேன். நாலு தரம் ஆரம்பித்துக் கிழித்தேன். ஐந்தாவது இது. இதை இங்கேயும் பிரதி எடுத்துவைக்கிறேன். தபால்காரர் இந்தப் பக்கத்தை மட்டும் மெதுவாக வாசிக்கவும்.

அக்கா, தவசி உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டான். என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறான். வத்தலக்குண்டு ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்கும்போது இந்தத் தரம் தூணுக்குப் பின்னால் நிற்காதே, முன்னாலேயே வந்து நில். தெருவில் யாராவது கேட்டால் மட்டும், லாரியை நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவை.